சாட்சிக் கோடு

வண்டியில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்துவதற்குள் மகள் முன்சீட்டிலிருந்து திரும்பினாள்.

"அம்மா, மூணே மூணு விஷயம். எதையும் பிடிச்சு ஆட்டிப் பார்க்கக் கூடாது. வாட்சைப் பார்த்து செகண்ட் எண்ணக் கூடாது. மூணாவது, வாயே திறக்கக் கூடாது."

"மூச்சு விடலாமா?"

"மூக்கால விடு."

ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்த என் கணவர் சிரித்தார். அவர் சிரித்தால் மகளின் கட்சி என்று அர்த்தம். எங்கள் வீட்டில் என் கட்சியில் எப்போதும் நான் ஒருத்திதான்.

மகளைக் குறை சொல்லவும் முடியாது. இருபத்தாறு வருடம் நான் பார்த்த வேலை அப்படி. பொழுதுபோக்குப் பூங்காக்களில் இருக்கிற ராட்டினம், கப்பல், மலை ரயில், தண்ணீர்ச் சறுக்கு எல்லாவற்றையும் அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்து, ஓடலாம் ஓடக்கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிற சோதனை அதிகாரி. ஆறு மாதத்துக்கு முன்னால் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அலுவலகம் என்னை விட்டுவிட்டது, என் கண் என்னை விடவில்லை. விருந்துக்குப் போனால் நாற்காலியை ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுத்தான் உட்காருகிறேன். தம்பி புதுவீடு கட்டி முதல் நாள் கூப்பிட்டபோது, மாடிப்படிக் கைப்பிடி ஒரு ஆளின் எடையைத் தாங்காது என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். இரண்டு மாதம் அவன் என்னோடு பேசவில்லை. கைப்பிடியை மட்டும் மாற்றிவிட்டான்.

இப்போது போவது மகள் கல்யாணம் பண்ணிக்கொள்ள விரும்புகிற பையனின் இடத்துக்கு. அது ஒரு பூங்கா. இதைத்தான் விதி என்பது. மகள் பிசியோதெரபிஸ்ட். தோள் பிசகிக்கொண்டு வைத்தியத்துக்கு வந்தவன் பன்னிரண்டு தடவை வந்தான். நாலாவது தடவையிலேயே தோள் சரியாகிவிட்டது என்று பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பூங்கா அவனுடைய அப்பாவுடையது, பராமரிப்பு முழுக்க அவன் கையில். அங்கே வேலை செய்கிறவர்கள் அவனுக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் 'பொறுப்பு'. கேலியாக வைத்த பெயராம், நாளடைவில் கேலி போய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது.

அங்கே ஊஞ்சல் போல ஆடும் கப்பல் சவாரியை மூன்று வாரம் நிறுத்திவைத்துப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். இன்று மறுபடி திறக்கிறார்கள். முதல் ஓட்டத்தில் எங்கள் குடும்பம் ஏற வேண்டும், பிறகு சாப்பாடு, சாப்பிட்ட கையோடு கல்யாணத் தேதி. அப்பாக்காரரின் திட்டம் இது.

வாசலிலேயே காத்திருந்தார் அவர். "வாங்க வாங்க சம்பந்தியம்மா!" என்றார். இன்னும் தேதியே பார்க்கவில்லை, அதற்குள் சம்பந்தியாகிவிட்டேன். பையன் ஒரு அடி பின்னால் நின்று, "வணக்கம் மேடம்," என்றான். மகள் அவன் முழங்கையில் இடித்தாள். "வணக்கம் அத்தை," என்று திருத்திக்கொண்டான். அவன் நகங்களின் ஓரத்தில் கிரீஸ் கறுப்பு இருந்தது. எனக்குப் பிடித்துப்போயிற்று.

பிறகு சுற்றிக் காட்டினார்கள். நான் பட்ட பாட்டை யாரிடம் சொல்வது.

முதலில் கோப்பை ராட்டினம். கோப்பை கோப்பையாக உட்கார்ந்து சுற்றுவது. சுற்றும் தளத்துக்கும் நிற்கும் தளத்துக்கும் நடுவே ஒரு குழந்தையின் செருப்பு நுழைகிற இடைவெளி. நான் ஆகாயத்தைப் பார்த்தேன். அடுத்தது பெரிய சக்கரம். கூண்டுக் கதவின் தாழ்ப்பாள் உள்ளே உட்கார்ந்திருப்பவரின் முழங்காலுக்கு நேராக இருந்தது. முழங்கால் தெரியாமல் பட்டால் தாழ்ப்பாள் மேலே எழும்பும். இதை வரைந்தவர் தன் வாழ்நாளில் அந்தக் கூண்டில் உட்கார்ந்திருக்கவே மாட்டார், மேசையில் உட்கார்ந்து வரைந்திருப்பார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். தண்ணீர்ச் சறுக்கில் இறங்கி வெளியே வரும் படிக்கட்டில் வழுக்காமல் இருக்க ஒட்டும் பட்டை முதல் மூன்று படியில்தான் இருந்தது. சவாரிக்குள் அடிபட்டவர்களைவிட, சவாரி முடிந்தது என்று அலட்சியமாக இறங்கும்போது விழுந்தவர்களின் கோப்புதான் என் அலமாரியில் தடிமனாக இருந்தது.

"எப்படி இருக்கு?" என்று அப்பாக்காரர் கேட்டார்.

"தண்ணி சுத்தமா இருக்கு," என்றேன். உண்மைதான். பொய் சொல்லாமல் வாயை மூடுவதற்கு இருபத்தாறு வருட அனுபவம் வேண்டும்.

மகள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். பாசத்தினால் அல்ல, வாட்சை மறைப்பதற்கு. என் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. கை பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தது. எங்கோ ஒரு பேரிங் அழுகிறது, எந்தச் சவாரி என்று தெரியவில்லை, பாட்டுச் சத்தம் அதை அமுக்கிவிடுகிறது. யாருக்கும் கேட்காதது என் காதில் மட்டும் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். வரைந்ததில்தான் கோளாறே தவிர, பராமரித்ததில் குறை இல்லை. பட்டறையைக் காட்டினான் பையன். ஒவ்வொரு ஸ்பேனருக்கும் சுவரில் அதன் உருவம் வரைந்து அந்த உருவத்தின் மேலேயே மாட்டியிருந்தான். ஒன்று குறைந்தாலும் வெறும் உருவம் காட்டிக்கொடுத்துவிடும். துணிகள்கூட மடித்து வைக்கப்பட்டிருந்தன. இவனுக்குத்தான் என் பெண் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். என்ன, சொல்லவில்லை. வாய் திறக்கக் கூடாதே.

கப்பலுக்கு வந்தோம். ஐம்பது பேர் உட்காரலாம். நடுவில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்றாக இரண்டு தடித்த இரும்புக் கைகள் உயரத்திலிருந்து வந்து கப்பலைப் பிடித்திருந்தன. கை கப்பலின் உடம்போடு சேரும் இடத்தில் பக்கத்துக்கு எட்டு நட்டு. கப்பலின் மொத்த பாரமும் அந்தப் பதினாறு நட்டில்தான் இருக்கிறது. எல்லாம் புது நீலம். ஒவ்வொரு நட்டின் மேலும் ஒரு மஞ்சள் கோடு.

அந்தக் கோட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நட்டைச் சரியான அளவுக்கு முறுக்கியதும், நட்டின் மேல் தொடங்கி அதன் கீழே இருக்கும் தகடு வரைக்கும் ஒரே கோடாகப் பெயிண்டால் இழுப்போம். நட்டு பிறகு கொஞ்சம் திரும்பினாலும் கோடு இரண்டாக உடைந்து தெரியும். தினமும் காலையில் ஸ்பேனர் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை, கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். நாங்கள் சாட்சிக் கோடு என்போம்.

பதினாறும் ஸ்கேல் வைத்தது போல நேராக இருந்தன. "ரொம்ப நல்லா இருக்குப்பா," என்றேன். அன்று மனதார நான் சொன்ன முதல் வார்த்தை அது. பையன் முகம் மலர்ந்தது.

நடு வரிசையில் உட்கார்ந்தோம். கணவருக்குத் தலைசுற்றும் என்பதால் ஓரத்து வரிசை வேண்டாம் என்று மகள் சொல்லிவிட்டாள். இடப்பக்க ஓரத்தில் நான், நடுவில் அவர், வலப்பக்க ஓரத்தில் மகள். மற்ற இடங்களில் பூங்கா ஊழியர்கள், அவர்கள் குடும்பம், குழந்தைகள். மடியின் மேல் கம்பி இறங்கிப் பூட்டிக்கொண்டது. பையன் கீழே ஆபரேட்டர் பக்கத்தில் நின்றான். அப்பாக்காரர் கையசைத்தார். கப்பல் மெதுவாக ஆட ஆரம்பித்தது.

என் முழங்கைக்குக் கீழேயே இடப்பக்க இரும்புக் கையின் எட்டு நட்டு. சும்மா இருக்கத் தெரியாத கண் அங்கேதான் போயிற்று. நட்டுகளுக்கு அடியில், அழகுக்காக ஒரு சிப்பி வடிவத் தகடு மாட்டியிருந்தார்கள். அலங்காரத்தையும் பாரத்தையும் ஒரே நட்டில் மாட்டியவனை என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டே, மேலிருந்து தகட்டின் பின்பக்கத்தைப் பார்த்தேன்.

பின்பக்கமும் புது நீலம்.

தகட்டுக்கும் கப்பல் உடம்புக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையாது. பிரஷ் எப்படி நுழைந்தது? நுழையவில்லை. தகட்டைக் கழற்றி அடித்திருக்கிறார்கள். தகட்டைக் கழற்ற வேண்டுமென்றால் எட்டு நட்டையும் கழற்ற வேண்டும். சரி, கழற்றியவன் திரும்ப முறுக்கியிருப்பான். எவ்வளவு முறுக்கினான்? ஸ்பேனர் போட்டு அழுத்தி முறுக்கினால் நட்டின் மூலைகளில் பெயிண்ட் உதிரும். இங்கே மூலைகளில் ஒரு கீறல் இல்லை. பெயிண்ட் காய்ந்த பிறகு யாரும் ஸ்பேனர் போடவில்லை. ஆனால் கோடு பெயிண்டின் மேலே இருக்கிறது.

அப்படியென்றால் இந்தக் கோடுகள் எதையும் பார்த்த சாட்சி இல்லை. அழகுக்குப் போட்ட கோடு.

 

"நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

ஆபரேட்டர் சிரித்தார். அப்பாக்காரரும் சிரித்தார். கப்பல் சவாரியில் எல்லாரும் கத்துவது அதைத்தானே. ஒரு நாளைக்கு நூறு பேர் 'நிறுத்து' என்று கத்துகிற இடத்தில் நூற்றோராவது ஆளாக நான் கத்துகிறேன். எனக்குப் பின்னால் இருந்த குழந்தைகளும் சேர்ந்துகொண்டு, "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று குதூகலமாகக் கத்தின. கப்பல் இன்னும் உயரமாகப் போயிற்று.

கம்பியை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிப் பெருக்கல் குறி போலக் குறுக்கே வைத்தேன். எங்கள் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான். சிரித்துக்கொண்டிருந்த ஆபரேட்டருக்குப் புரியவில்லை. பையனுக்குப் புரிந்தது. அவன் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தான், எட்டிச் சிவப்புப் பொத்தானை அடித்தான்.

பொத்தானை அடித்ததும் கப்பல் நின்றுவிடாது. அத்தனை எடை, ஆடி ஆடித்தான் அடங்க வேண்டும். நான் எண்ணினேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நட்டுகளைப் பார்த்துக்கொண்டே எண்ணினேன். கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இருபத்திரண்டு செகண்ட்.

இறங்கியதும் பையனிடம் கேட்டேன். குரல் அதட்டலாக வந்தது. "கோடு யார் போட்டது?"

"நான்தான் அத்தை. பெயிண்டர் பழைய கோட்டை மறைச்சு அடிச்சுட்டார். நேத்து முழுக்க உட்கார்ந்து நானே திருப்பிப் போட்டேன்."

"முறுக்கிப் பார்த்துட்டுப் போட்டியா?"

"பெயிண்ட் அடிக்கிறதுக்கு முந்தின நாள் பார்த்தேன். எல்லாம் சரியா..."

"அதுக்கப்புறம் தகட்டைக் கழட்டியிருக்காங்க. தெரியுமா உனக்கு?"

அவன் முகத்தில் ஈயாடவில்லை. அப்பாக்காரர் நடுவில் வந்தார். "சம்பந்தியம்மா, எல்லாரும் பார்க்கிறாங்க. சாப்பிட்டுட்டு நிதானமா பேசலாமே."

மகள் மட்டும் கப்பலைவிட்டு இறங்கவே இல்லை. தன் வலப்பக்க ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தாள். "ஒரு நாள்மா. ஒரே ஒரு நாள் கேட்டேன்," என்றாள். அவள் குரல் உடைந்ததைக் கேட்டபோது, நான் பார்த்தது பொய்யாக இருந்துவிடட்டும் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். பெற்ற வயிறு அப்படி.

பையன் நேராகப் பட்டறைக்குப் போய் டார்க் ஸ்பேனரைக் கொண்டுவந்தான். அதில் ஒரு அளவை வைத்துவிட்டால், நட்டு அந்த அளவுக்கு இறுக்கமாக இருக்கும்போது 'டிக்' என்று ஒலிக்கும். ஆபரேட்டரிடமிருந்து கப்பலின் சாவியை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அந்தச் சாவி இல்லாமல் கப்பல் ஒரு அங்குலம் நகராது. அதையும் கவனித்தேன்.

இடப்பக்கம். முதல் நட்டு, டிக். இரண்டாவது, டிக். ஐம்பது பேர் சுற்றி நின்று பார்த்தார்கள். மூன்று, நான்கு, ஐந்து. ஒவ்வொரு டிக்கும் என் கன்னத்தில் விழுந்தது. எட்டாவதும் டிக்.

யாரோ கைதட்டினார்கள். அப்பாக்காரர் மூச்சை விட்டு, வாய்விட்டுச் சிரித்தார். "உசிரே போயிடுச்சு சம்பந்தியம்மா! பெயிண்டர் ஒழுங்கா முறுக்கித்தான் வச்சிருக்கார். ஏறுங்க, எல்லாரும் ஏறுங்க!"

"அந்தப் பக்கமும் பார்த்துடறேன்ப்பா," என்றான் பையன்.

"எதுக்குடா? ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்."

அது சோற்றுக்குச் சரி, நட்டுக்குச் சரிவராது என்று என் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவலாக நான் இருந்தது போதும் என்று ஒதுங்கிப்போய், மறுபக்கத்தில் இருந்த தூணுக்குப் பின்னால் நின்றேன். முகம் எரிந்தது. நாளை முதல் நாற்காலிகளை ஆட்டுவதில்லை என்று சபதம் எடுத்தேன்.

பையன் ஏணியைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் வந்தான். அவன் என்னைப் பார்க்கவில்லை. கூட்டம் முழுக்க இடப்பக்கம் சிரித்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தது.

முதல் நட்டு, டிக். இரண்டாவது, டிக்.

மூன்றாவதில் ஸ்பேனர் சுற்றிக்கொண்டு போயிற்று. சத்தமே வரவில்லை. கால் சுற்று. மஞ்சள் கோடு நட்டில் பாதி, தகட்டில் பாதியாக நின்றது.

அவன் அப்படியே உறைந்துபோனான்.

நான் வாயைத் திறந்தேன். திறந்த வாயில் என் கையையே வைத்து அடைத்தேன். சாவி அவன் பையில் இருக்கிறது, கப்பல் நகராது, யாருக்கும் எதுவும் ஆகாது. ஆகப்போவது அவனுக்கு மட்டும்தான். இன்னும் கால் சுற்று முறுக்கினால் டிக் என்று கேட்டுவிடும். பையில் துணி இருக்கிறது. கோட்டைத் துடைத்துவிட்டு நேராக இன்னொன்று இழுத்துவிடலாம். அப்பாவின் மானமும் போகாது, கல்யாணத் தேதியும் போகாது, கிழவி ஒருத்தி சந்தேகப் பிராணி என்பதோடு விஷயம் முடிந்துவிடும். இதெல்லாம் அவனுக்கும் தோன்றியிருக்கும். தோன்றாமல் இருக்க அவன் மரமா?

என் வாழ்க்கையில் நான் பேசாமல் நின்ற மிக நீளமான நேரம் அதுதான். கட்டைவிரல் நகத்தைக் கடித்துக்கொண்டு எண்ணினேன். ஐந்து. ஆறு. சொல்லுடா. எட்டு. சொல்லித் தொலையேன்டா. பத்து.

"அப்பா!" என்றான். குரல் எழும்பவில்லை. இன்னும் உரக்க, "அப்பா, எல்லாரையும் இறக்குங்க. இது சுத்துது. பார்க்காம கோடு போட்டது நான்தான்."

சிரிப்பு எல்லாம் நின்றுபோயிற்று. அந்தப் பக்கத்தில் இன்னும் இரண்டு நட்டு அதே போலச் சுற்றின. பெயிண்டருக்குப் போன் போட்டார்கள். ஒரு பக்கம் முறுக்கி முடித்து, இந்தப் பக்கம் ஐந்தை முறுக்கியதும் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டதாம், வந்து பார்த்தால் எல்லாமே முறுக்கியது போலத் தோன்றியதாம். மூன்று நட்டு தளர்ந்ததால் கப்பல் அன்றைக்கே விழுந்திருக்காது, ஐந்து பிடித்துக்கொண்டிருந்தன. ஆனால் அதற்குப் பிறகு தினமும் காலையில் யாராவது வந்து கோடு நேராக இருக்கிறது என்று ஏட்டில் டிக் அடித்துவிட்டுப் போயிருப்பார்கள்.

அப்பாக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து கர்சீப்பால் கழுத்தைத் துடைத்தார். கோபம் வரும் என்று பார்த்தேன். வயதுதான் வந்திருந்தது.

"வேற என்னல்லாம் பார்த்தீங்க?" என்றார். "சொல்லிடுங்கம்மா."

என் கணவர் முந்திக்கொண்டார். "சாப்பாட்டை இங்கயே கொண்டுவரச் சொல்லிடுங்க சார். அவ முடிக்க நேரமாகும்."

கோப்பை ராட்டினத்தில் தொடங்கி எல்லாம் சொன்னேன். அவர் ஒரு காகிதம் வாங்கி எழுதிக்கொண்டார். பையன் சாப்பிட வரவில்லை. ஏணி மேல் நின்று, சரியாக இருந்த நட்டுகளின் கோட்டையும் சேர்த்துத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். நாங்கள் கிளம்பும்போது, "வர்றோம் தம்பி," என்றேன். ஏணியிலிருந்தே, "சரிங்க மேடம்," என்றான். அத்தை போய்விட்டது. மகள் அவனிடம் எதுவும் சொல்லாமல் வண்டியில் ஏறினாள். தேதியைப் பற்றி யாரும் பேசவில்லை.

பாதி வழி வரை வண்டிக்குள் எஞ்சின் சத்தம் மட்டும்தான். மூன்றாவது கியரில் ஒரு முனகல் இருந்தது. அதைக்கூட நான் சொல்லவில்லை.

"எத்தனை எண்ணின?" என்றாள் மகள், திரும்பாமலே.

"எதை?"

"நடிக்காதம்மா. தூணுக்குப் பின்னால உன் புடவை தெரிஞ்சுது. நான் அவனுக்கு நேர் மேலதான உட்கார்ந்திருந்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவளும் பார்த்திருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லாமல், அவன் தலைக்கு மேலே உட்கார்ந்து இவளும் காத்திருந்திருக்கிறாள்.

"பதினொண்ணு," என்றேன்.

"எனக்குப் பன்னெண்டு வந்துச்சு." வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள். "அதிகமாம்மா?"

எதற்கும் ஒரு கருத்து வைத்திருக்கிறவள் நான். இதற்குப் பதில் சொல்ல எனக்கு இரண்டு தெரு ஆயிற்று.

"பொத்தானை அடிச்சப்புறமும் கப்பல் நிக்க இருபத்திரண்டு ஆச்சு," என்றேன். "அவன் பன்னெண்டுல நின்னுட்டான்."

அடுத்த சிக்னலில் வண்டி நின்றபோது அவள் கைபேசியை எடுத்து, சாப்பிட்டியா என்று அவனிடம் கேட்டாள்.